வில்லும் முதுகும்

போடிநாயக்கனூரில் என் மனைவியின் தம்பி இருக்கிறார். மலைமேல் கொஞ்சம் ஏலத்தோட்டம். அடிவாரத்தில் ஒரு வீடு. வீட்டு வாசலில் ஒரு ஜீப். இந்த மூன்றில் எது மிகவும் பிரியம் என்று கேட்டால் தோட்டம் என்றுதான் சொல்வார். ஆனால் காலையில் எழுந்ததும் அவர் முதலில் தட்டிக்கொடுப்பது ஜீப்பைத்தான். 1980களில் அவருடைய தகப்பனார், அதாவது என் மாமனார், வாங்கிய வண்டி அது. மாமனார் போய்விட்டார், ஜீப் இருக்கிறது.

சென்ற தை மாதம் அங்கே போயிருந்தபோது, "தோட்டத்தை ஒரு நடை பார்த்துட்டு வரலாம், வாங்க அத்தான்" என்று கூப்பிட்டார். முன்னால் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் எதிரும் புதிருமாகப் போட்டிருந்த இருக்கைகளில் தோட்ட வேலைக்கு வரும் பெண்கள் ஒன்பது பேர், தூக்குவாளிகளை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கி உட்கார்ந்தார்கள். போடிமெட்டுக்குப் போகும் தார்ச் சாலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாலையை விட்டு விலகித் தோட்டத்துப் பாதையில் திரும்பியதும்தான் வண்டி தன் சொரூபத்தைக் காட்டிற்று. ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக என் முதுகுக்கு அறிமுகமாயிற்று. பின்னால் இருந்தவர்கள் குழி வரும்போதெல்லாம் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக எழும்பி ஒன்றாக விழுந்தார்கள். அவர்களில் ஒரு கிழவி, "இன்னைக்கும் எலும்பை எண்ணிப் பாத்துக்கிடலாம்" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அன்றாடம் சொல்லிச் சிரிக்கிற வார்த்தை என்று தெரிந்தது.

மாலையில் வீடு திரும்பியதும் மைத்துனர் டார்ச் விளக்கை அடித்து வண்டியின் அடிவயிற்றைக் காட்டினார். சக்கரங்களுக்கு மேலே வில்லாக வளைந்திருக்க வேண்டிய ஸ்பிரிங் பட்டைகள் நிமிர்ந்து, தரைக்கு இணையாகக் கிடந்தன. முன் பக்கத்தில் ஒன்று நிமிர்ந்ததோடு நில்லாமல் எதிர்ப்புறமாகவே வளையத் தொடங்கியிருந்தது.

"பட்டை செத்துப் போச்சு அத்தான். நாலு கட்டும் புதுசாப் போட்டா இந்த வருஷத்து ஏலக்காய்க் காசில் பாதி போயிடும். பட்டறையில் கொடுத்து, பின்னால் ரெண்டு ரெண்டு பட்டை கூடுதலா ஏத்திடலாம்னு இருக்கேன். செலவும் குறைவு. இன்னும் நாலு ஆளைச் சேர்த்து ஏத்திக்கலாம். டீசலும் மிச்சம்."

சிக்கனத்துக்கு நான் எப்போதும் விரோதியல்ல. மறுநாள் காலையில் அவரோடு கிளம்பினேன்.

தேனி போகும் சாலையோரத்தில் இருந்தது அந்த ஸ்பிரிங் பட்டறை. மேலே தகரக் கூரை, கீழே கரி படிந்த மண் தரை, நடுவில் ஒரு பட்டடைக்கல். வயதான ஆசாரி ஒருவர் வண்டியின் கீழே படுத்து எழுந்து வந்தார். உடனே ஒன்றும் சொல்லவில்லை. பையனை விட்டுக் கட்டுகளைக் கழற்றச் சொன்னார். அதற்குள் எனக்கு ஒரு டீ வந்தது. யோசிக்க நேரமும் கிடைத்தது.

ஸ்பிரிங்கை நாம் முதலில் வண்டியில் பார்த்தபோது அதற்கு 'வில்' என்று பெயர் வைத்தோம். எவ்வளவு பொருத்தமான பெயர்! வில் வண்டி என்று சொன்னால் மாடு பூட்டிய, கூண்டு வைத்த, ஸ்பிரிங் பொருத்திய வண்டி என்று கிராமத்துக் குழந்தைக்கும் ஒரு காலத்தில் தெரியும். வில்லை வளைத்தால் அது நிமிரப் பார்க்கும். எவ்வளவு வளைக்கிறோமோ அந்த அளவுக்கு எதிர்த்துத் தள்ளும். இந்த விகிதத்தை ஒரு விதியாக எழுதி 1678ல் வெளியிட்டவர் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. அந்தக் காலத்து ஐரோப்பியப் பிரபுக்களின் கோச்சு வண்டிகளில் பல, தோல் வார்களில் தொட்டில் போலத் தொங்கிக்கொண்டிருந்தன. அதில் போகிறவர்களுக்குக் குலுக்கல் குறைந்தது, ஆட்டம் குறையவில்லை.

1804ல் லண்டனில் ஒபதையா எலியட் என்ற வண்டி செய்பவர், உருக்குப் பட்டைகளை அடுக்கி, நீள்வட்ட வடிவத்தில் இரண்டு விற்களை வாயோடு வாய் பொருத்தி, வண்டியின் அச்சின் மேலேயே உட்கார வைத்தார். அதுவரை முன் அச்சையும் பின் அச்சையும் இணைக்க ஒரு கனத்த உத்தரம் வண்டியின் அடியில் ஓடிற்று. எலியட்டின் ஏற்பாட்டில் அது வேண்டியிருக்கவில்லை. வண்டி லேசாயிற்று, தணிந்தது, பிரயாணம் சுகமாயிற்று. இன்று நம் சாலைகளில் ஓடும் லாரி வரைக்கும் அந்தப் பட்டை அடுக்கின் வம்சம் தொடர்கிறது.

இங்கே ஒரு சந்தேகம் வரும். ஒரே கனத்த பட்டையாகப் போட்டால் என்ன? எதற்காக ஏழெட்டுப் பட்டைகளை அடுக்க வேண்டும்? இதற்கு விடை உங்கள் கையிலேயே இருக்கிறது. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் வளைத்துப் பாருங்கள். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு சுலபமாக வளையும். இதே தாள்களைப் பசை தடவி ஒட்டிக் காய வைத்துவிட்டு வளைத்தால் பலகை மாதிரி நிற்கும். உருக்கும் அப்படித்தான். ஒரு பட்டையின் கனத்தை இரண்டு மடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகிவிடும். இரண்டு பட்டைகளைத் தனித்தனியாக அடுக்கினாலோ விறைப்பு இரண்டு மடங்குதான். பாரத்தையும் தாங்க வேண்டும், வளைந்தும் கொடுக்க வேண்டும் என்கிற இரண்டு குணங்களும் ஒரே இடத்தில் அமைய மனிதன் கண்டுபிடித்த உபாயம் இந்த அடுக்கு. அடுக்கில் ஒரு பட்டை உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பெரிய தொழிற்சாலை தேவையில்லை. ஒரு கொல்லர் போதும்.

பையன் கழற்றிப் போட்ட கட்டை ஆசாரி என்னிடம் காட்டினார். பட்டைகளுக்கு நடுவே துரு ஏறி, அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்தது. "பாத்தீங்களா ஐயா, ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்குது. வில்லுக்கு வளைவும் போச்சு, வழுக்கலும் போச்சு. தொங்கவும் செய்யுது, தூக்கியும் அடிக்குது" என்றார். பசை தடவிய புத்தகம்! என் முதுகு நேற்று படித்த பாடம் இதுதான்.

ஆசாரி பட்டைகளைத் தட்டித் தட்டி ஓசை பார்த்துக்கொண்டிருந்தார். நான் வில்லின் சரித்திரத்தில் இன்னொரு பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வில் வருவதற்கு முன்னால் நம் நாட்டில் பெரிய மனிதர்கள் குலுங்காமல் எப்படிப் போனார்கள்? பல்லக்கில் போனார்கள். மேட்டையும் பள்ளத்தையும் வாங்கிக்கொண்டவை பல்லக்குத் தூக்கிகளின் தோள்களும் முழங்கால்களும். மனிதனே வில்லாக இருந்த காலம் அது. உருக்கு வில் வந்து அந்தத் தோள்களுக்கு விடுதலை கொடுத்தது என்று சொன்னால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் வில்லின் மேல் உட்காரும் உரிமை உடனே எல்லோருக்கும் வந்துவிடவில்லை.

1893ல் திருவிதாங்கூரில் நடந்தது இது. வெங்கானூரைச் சேர்ந்த அய்யன்காளி என்ற புலையர் குல இளைஞர் ஒரு வில் வண்டி வாங்கினார். வண்டி வாங்குவதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அவருடைய ஜாதியார் பொதுச் சாலையில் நடப்பதற்கே தடை இருந்த ஊர் அது. வில் வண்டி மேல்ஜாதிச் செல்வர்களின் வாகனம். அவர் வெள்ளை வேட்டி உடுத்து, தலைப்பாகை கட்டி, காளைகளின் கழுத்துமணி ஒலிக்க அதே சாலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். மறித்தவர்களை எதிர்த்து நின்றார். கேரள சரித்திரத்தில் 'வில்லுவண்டி யாத்திரை' என்று அதற்குப் பெயர். அவர் நடந்தே போயிருந்தாலும் அது புரட்சிதான். வில் வண்டியில் போனதால், சாலையில் மட்டும் தங்களுக்குப் பங்கு போதாது, சௌகரியத்திலும் பங்கு வேண்டும் என்று அவர் கேட்டதாக எனக்குத் தோன்றுகிறது.

அய்யன்காளி 1941ல் காலமானார். அதே ஆண்டில்தான் கடலுக்கு அப்பால் ஜீப் பெருவாரியாகத் தயாராகத் தொடங்கிற்று.

ஜீப் பிறந்த கதை அவசரக் கதை. 1940ல் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டிருந்தது. பாதையில்லாத இடத்திலும் ஓடக்கூடிய ஒரு சின்ன வண்டியின் மாதிரியை 49 நாட்களுக்குள் செய்து தர வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் கம்பெனிகளைக் கேட்டது. பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் என்ற ஊரில் நலிந்துபோயிருந்த பான்டம் என்ற கார் கம்பெனி துணிந்து ஒப்புக்கொண்டது. கார்ல் பிராப்ஸ்ட் என்ற என்ஜினீயர் படம் போட்டுக் கொடுத்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 23ம் தேதி, கெடு முடிய அரைமணி நேரம் இருக்கும்போது, முதல் வண்டி ராணுவ முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு பெரிய கம்பெனிகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டு, யுத்தம் முடிவதற்குள் ஏறக்குறைய 6,40,000 ஜீப்புகளைச் செய்து தள்ளின.

இத்தனை அவசரத்தில் ஸ்பிரிங்குக்குப் புது யோசனை செய்ய யாருக்கு நேரம்? எலியட் காலத்துப் பட்டை அடுக்குதான் இருக்கவே இருக்கிறது. விலை மலிவு. எந்தச் சேற்றிலும் வேலை செய்யும். உடைந்தால் எந்தக் காட்டிலும் மாற்றலாம். முன்னால் இரண்டு கட்டு, பின்னால் இரண்டு கட்டு என்று பொருத்திவிட்டார்கள். அந்த வண்டி சுமக்க வேண்டிய பாரம் 800 பவுண்டு, அதாவது நம் கணக்கில் சுமார் 360 கிலோ என்று வகுத்திருந்தார்கள்.

ஜீப் யுத்தத்தில் பேர் வாங்கியது எல்லோருக்கும் தெரியும். அது வாங்கித் தந்த வியாதி அவ்வளவாகத் தெரியாது. குலுங்கும் ஜீப்பில் நாள் கணக்கில் உட்கார்ந்து போன சிப்பாய்களுக்கு முதுகுத்தண்டின் அடிநுனியில் கட்டி கிளம்பிற்று. யுத்த காலத்தில் ஏறக்குறைய 80,000 அமெரிக்கச் சிப்பாய்கள் இதற்காக ஆஸ்பத்திரியில் படுத்தார்களாம். 1944ல் ஒரு டாக்டர் வைத்தியப் பத்திரிகையில் இதைப் பற்றி எழுதியபோது 'ஜீப் நோய்' என்றே தலைப்புக் கொடுத்தார். தோலுக்குள் திரும்பி வளரும் ரோமமே இதற்கு மூலகாரணம் என்று பின்னால் வந்த வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். குலுக்கலும் உராய்வும் அதைக் கிளறிவிடும். வண்டி தாங்கிற்று. உட்கார்ந்தவர்கள் தாங்கவில்லை.

யுத்தம் முடிந்ததும் ஜீப் பிழைப்பு தேடிக்கொண்டு குடிமக்களிடம் வந்தது. பிலிப்பைன்ஸ் தீவுகளில் ராணுவம் விட்டுப்போன ஜீப்புகளை இழுத்து நீட்டி, கூரை போட்டு, 'ஜீப்னி' என்று ஒரு பஸ்ஸாகவே மாற்றிவிட்டார்கள். நம் நாட்டில் 1945ல் மஹிந்திரா அண்ட் முகம்மது என்ற பெயரில் ஒரு கம்பெனி தொடங்கிற்று. பங்காளியான குலாம் முகம்மது, பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானின் முதல் நிதி மந்திரியானார். 1948ல் கம்பெனி மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைத் தருவித்து பம்பாயில் பூட்டத் தொடங்கிய அந்தக் கம்பெனி, பின்னால் முழு வண்டியையும் இங்கேயே செய்தது. என் மைத்துனரின் வண்டி ஆதி ஜீப்பைவிடக் கொஞ்சம் பெரியது, டீசல் குடிப்பது. ஆனால் அடியில் இருப்பது அதே பட்டை அடுக்குதான்.

பணமுள்ளவர்களின் வண்டிகள் மெல்ல மெல்லப் பட்டையைக் கைவிட்டன. இங்கிலாந்தில் 1948ல் வந்த லேண்ட் ரோவர் பட்டை ஸ்பிரிங்கோடு வந்தது. அதே குடும்பத்தில் 1970ல் வந்த ரேஞ்ச் ரோவருக்கு நாலு சக்கரத்திலும் சுருள் ஸ்பிரிங். நம் ஊர் ஜீப்பின் வாரிசான 'தார்' வண்டிக்குக்கூட 2010ல் பின்னால் பட்டை இருந்தது. 2020ல் வந்த புதிய தாரில் அதுவும் சுருளாகிவிட்டது. பட்டை அடுக்கு, லாரியிலும் கூலிக்கு ஆள் ஏற்றும் பழைய ஜீப்புகளிலும் தங்கிவிட்டது. அதில் தவறொன்றும் இல்லை. பழுது பார்த்து ஓட்டக்கூடிய வண்டிதானே ஏழைக்கு உதவும்? அந்தப் பழுதை எப்படிப் பார்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆசாரி எழுந்து வந்து தீர்ப்புச் சொன்னார். முன் பக்கத்து இடது கட்டில் மெயின் பட்டை, சென்டர் போல்ட் துளையை ஒட்டி மயிரிழையாக விரிந்திருந்தது. அதை மாற்றியே தீர வேண்டும். மற்றவற்றுக்கு வளைவு ஏற்றினால் போதும். தொங்கலுக்குக் காரணம் பட்டை மட்டும் அல்ல. கட்டின் முனைகளைச் சேஸிஸில் பிடித்துவைக்கும் ஷாக்கிளும், கண்ணில் இருக்கும் புஷ்ஷும் தேய்ந்து கொழகொழவென்று ஆடின. அவை புதிதாகப் போட வேண்டும். அவை விலை அதிகமில்லை. எதைச் செய்தாலும் இடதுக்கும் வலதுக்கும் சேர்த்தே செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் வண்டி நொண்டும். "பழைய யூ போல்ட்டை மட்டும் திருப்பிப் போடச் சொல்லாதீங்க. ஒரு தடவை இறுக்கி நீண்டது நீண்டதுதான். அச்சைக் கட்டோட பிடிச்சுக்கிட்டு இருக்கிறது அதுதான்" என்றார். மொத்தச் செலவு, புதுக் கட்டு நான்கு வாங்கினால் ஆவதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

விரிந்த பட்டையையும் தட்டிச் சரிசெய்யக் கூடாதா என்று மைத்துனர் கேட்டார். கூடாது என்று ஆசாரி தலையை ஆட்டினார். அவர் அனுபவத்தில் சொன்னதை, 1850களிலிருந்து பல ஆண்டுகள் சோதனை செய்து நிரூபித்தவர் ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானிய ரயில்வே என்ஜினீயர். ரயில் வண்டியின் அச்சுகள் தாங்கக்கூடிய பாரத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று உடைந்துபோயின. உலோகத்துக்கும் களைப்பு உண்டு, சின்னச் சின்ன அடிகள் லட்சக்கணக்கில் விழுந்தால் அவற்றின் கணக்கு உள்ளே ஏறிக்கொண்டே போகும் என்று அவர் காட்டினார். சுத்தியல் வளைவைத் திருப்பிக் கொடுக்கும். பட்ட அடிகளின் கணக்கை அழிக்காது.

வளைவு ஏற்றுவதையும் பார்த்தேன். தரையில் சாக்கட்டியால் வில் ஒன்று வரைந்துகொண்டார். துரு நீக்கிய பட்டையைப் பட்டடையில் வைத்து, விரற்கடை இடைவெளிக்கு ஓர் அடியாகத் தட்டிக்கொண்டே போனார். நாலு அடிக்கு ஒரு தடவை கோட்டின் மேல் வைத்துப் பார்த்தார். உலையில் போடவே இல்லை. "காய்ச்சி அடிச்சா சுலபமா வளையும் ஐயா. ஆனா பதம் போயிடும். திரும்பப் பதம் ஏத்தணும்னா எண்ணெயில தோய்க்கணும், மறுபடி இளஞ்சூட்டுல வாட்டணும். அரைகுறையாச் செஞ்சா ஒரு மாசத்துல பழையபடி படுத்துக்கும், இல்லே, கண்ணாடி மாதிரி முறிஞ்சுடும்" என்றார். தட்டி முடித்த பட்டைகளுக்கு நடுவே கிரீஸ் தடவி அடுக்கினார். விரிந்த பட்டையை மூலையில் போட்டார். அது இனி அரிவாளாகும். திருப்பாச்சேத்தி அரிவாள் என்று நாம் கேள்விப்படுகிறோமே, அவற்றில் எத்தனையோ ஒரு காலத்தில் லாரி சுமந்தவை.

கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. "பின்னால் ரெண்டு ரெண்டு பட்டை கூட ஏத்திடுங்க ஆசாரியாரே. பாரம் அதிகம் ஏத்துறேன்" என்றார் மைத்துனர்.

ஆசாரி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பட்டை ஏத்துனா வண்டி தாங்கும் முதலாளி. உள்ளே உக்காந்திருக்கிற ஆளு தாங்கணுமே. கல்லும் மூட்டையுமா இருந்தா சொல்லுங்க, இப்பவே ஏத்துறேன். பொம்பளையாளுகதானே போறாங்க? அடி எங்கேயாவது போய்த்தானே ஆகணும்? வில்லு வாங்கலேன்னா முதுகு வாங்கும்."

மைத்துனர் பேசவில்லை. அவரைக் கொடியவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஏலக்காய் விலை ஏறுவதும் இறங்குவதும் அவர் கையில் இல்லை. டீசல் விலை ஏறுவது மட்டும் நிச்சயம். இரண்டு நடை போனால் இரட்டைச் செலவு. அவர் மனசில் ஓடிய கணக்கு எனக்குத் தெரிந்தது. அதைப் பொய்க் கணக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவர், "சரி, இருக்கிற பட்டை போதும்" என்றார்.

இரண்டு நாள் கழித்து மறுபடி மலைக்குப் போனோம். ஐந்து பேர் ஏறினார்கள். மற்ற நாலு பேருக்கு ஜீப் திரும்பி வர வேண்டும் என்று ஏற்பாடு. தோட்டத்துப் பாதையில் திரும்பினோம். கல் அதே கல்தான். குழி அதே குழிதான். வண்டி அதில் இறங்கி, ஒரு தடவை மூச்சு விட்டு, மேலே ஏறிற்று. குலுக்கல் இல்லாமல் போகவில்லை. ஆனால் கம்பியைப் பிடித்திருந்த கைகள் கொஞ்சம் தளர்ந்திருந்தன. பாதி வழியில் அந்தக் கிழவி பக்கத்தில் இருந்தவளிடம், "என்னடி, இன்னைக்கு எலும்பு எண்ண முடியலையே!" என்றாள். இந்தத் தடவை மைத்துனரும் சிரித்துவிட்டார்.

இறங்கி வரும் வழியெல்லாம் அவர் டீசல் கணக்கைச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் குறுக்கே பேசவில்லை. அந்தக் கணக்கு சரியான கணக்குதான். இத்தனை நாளும் அதில் ஒரு வரி எழுதப்படாமல் இருந்தது; இப்போது எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.